கட்டைக்கு உள்ளே மூன்று கீறல்

அடிலெய்டு
3 ஆகஸ்ட் 2024

அன்புள்ள சங்கரிக்கு,

அண்ணன் உதயகுமார் ஆசையுடன் எழுதுவது. வாட்ஸ்அப் இருக்கும்போது கடிதமா என்று சிரிக்காதே. போன் செய்தால் நீ ஸ்பீக்கரில் போட்டு அம்மா பக்கத்தில் வைத்துவிடுவாய். இது அம்மா காதில் விழக்கூடாது. அதனால்தான் உன் பட்டுக்கடை முகவரிக்கு அனுப்புகிறேன்.

பழைய ராணுவத் துப்பாக்கி சேர்க்கும் என் பைத்தியம் உனக்குத் தெரியும். போன மாதம் ஏலத்தில் ஒன்று எடுத்தேன். நம் நாட்டில் செய்தது. இரும்பில் அசோகச் சிங்கம், தொழிற்சாலை எழுத்து, 1967 என்ற வருஷம், எல்லாம் அழகாக அடித்திருக்கிறது. குழலிலும், குண்டை உள்ளே தள்ளும் போல்ட்டிலும் ஒரே எண். எண் மாறினால் ஒட்டுப்போட்ட துப்பாக்கி என்று அர்த்தம், பாதி விலைகூடப் பெறாது. மரக்கட்டை மட்டும் பிற்பாடு புதிதாகப் போட்டது. பழுது பார்த்த முத்திரையும் 83 என்ற வருஷமும் அதில் இருக்கின்றன.

எண்ணெய் போடக் கட்டையைக் கழற்றினேன். குழல் படுக்கும் பள்ளத்தில், வெளியே தெரியாத இடத்தில், உளியால் வெட்டிய ஒரு வட்டம். அதன் வயிற்றில் மூன்று கீறல். மூன்றாவது மட்டும் வட்டத்தைத் தாண்டி நீள்கிறது.

அப்பா செய்துகொடுத்த ஒவ்வொரு தறியிலும் இதைத்தானே வெட்டுவார்? அவரை எழுபத்தேழில் எரித்தோம். ஒன்பது வயதில் கொள்ளி வைத்தவன் நான். எண்பத்து மூன்றில் போட்ட கட்டையில் இதை யார் வெட்டியது?

நம் வீட்டுத் தறியில் பார்த்து வரைந்து அனுப்பு.

உன் அண்ணன்,
உதயகுமார்

காஞ்சிபுரம்
21 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி மட்டும் குறையவில்லை. பொங்கலுக்கு வருகிறேன் என்று ஏமாற்றிவிட்டு, இப்போது துப்பாக்கியை வைத்துக்கொண்டு என்னைப் பயமுறுத்துகிறாய்.

சேலை சுற்றும் படமரத்தின் அடியில் டார்ச் அடித்துத் தேடினேன். எதுவும் தெரியவில்லை. அடுப்படியில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்த அம்மா, திரும்பிக்கூடப் பார்க்காமல், “உள்பக்கமா இருக்கும்மா, இடது கைப் பக்கம் பாரு” என்றாள். நான் எதைத் தேடுகிறேன் என்று அவளிடம் சொல்லவே இல்லை.

அங்கேதான் இருந்தது. காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த படம் இதோடு இருக்கிறது.

ஒரே மாதிரி அடையாளம் இரண்டு பேர் போடலாம், அண்ணா. பாலாற்று வெள்ளத்தில் போன அப்பாவை மூன்றாம் நாள் ஓரிக்கைக் கரையில் கண்டெடுத்தார்கள். முகம் இல்லை. ஆனால் நீலக் கட்டம் போட்ட சட்டை அவருடையது. எனக்கு ஆறு வயது, அந்தச் சட்டை நினைவிருக்கிறது. இதோடு விடு.

தங்கை,
சங்கரி

அடிலெய்டு
9 செப்டம்பர் 2024

அன்புள்ள சங்கரிக்கு,

நீ அனுப்பிய படத்தைக் கட்டைமேல் வைத்தேன். கீறலுக்குக் கீறல் பொருந்துகிறது. மூன்றாவது கீறலின் நுனியில் உளியைத் திருப்பி எடுத்த விதம்கூட ஒன்றுதான்.

விட முடியவில்லை, தங்கச்சி. உலகம் முழுக்க இருக்கும் சேகரிப்பாளர்களிடம், கட்டையைக் கழற்றி உள்ளே பாருங்கள் என்று கேட்டேன். ஒன்பது பேர் படம் அனுப்பிவிட்டார்கள். கட்டை போட்ட வருஷம் கனடாவில் இருப்பதில் 79, இங்கிலாந்தில் 86, நியூசிலாந்தில் 91. எல்லாவற்றிலும் அதே வட்டம். வருஷம் ஏற ஏற வெட்டு ஆழம் குறைகிறது. கைக்கு வயதாவது தெரிகிறது. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன்.

அவர் உயிரோடு இருந்தால் எண்பத்து மூன்று வயது. டிசம்பரில் வருகிறேன். வடக்கே அந்தத் தொழிற்சாலை ஊருக்குப் போய்க் கேட்கிறேன். அம்மாவிடம் நானே சொல்கிறேன். கார்த்திகைத் திதியை இந்த வருஷம் யாரும் கொடுக்க வேண்டாம். உயிரோடு இருப்பவருக்கு எப்படிப் பிண்டம் வைப்பது?

உதயகுமார்

காஞ்சிபுரம்
28 செப்டம்பர் 2024

அண்ணா,

உன் கடிதத்தை என் கைப்பையிலிருந்து அம்மா எடுத்துப் படித்துவிட்டாள். தப்பு என்னுடையதுதான். அவள் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

“சட்டை அவருதுதான்மா. உள்ள இருந்த ஆளு அவரு இல்ல. போலீஸ்காரரு துணிய விலக்கிக் காட்டனப்பவே எனக்குத் தெரிஞ்சிப்போச்சு.”

“அப்புறம் ஏம்மா அப்பாதான்னு சொன்னே?”

“இல்லைன்னு சொன்னா, செத்தவனுக்கு அந்தச் சட்டைய மாட்டிவுட்டது யாருன்னு கேப்பாங்க இல்ல? அவர இழுத்துக்கினு போயி தூக்குல போடுவாங்க. ரெண்டு புள்ளைங்கள கொலைகாரன் புள்ளைங்கன்னு வளக்கறதா?”

சொல்லிவிட்டு எழுந்து போய்ச் சாம்பாருக்குத் தாளித்தாள்.

சங்கரி

அடிலெய்டு
14 அக்டோபர் 2024

சங்கரி,

துப்பாக்கியைத் திரும்பப் பூட்டக் கை வரவில்லை. மேசைமேல் பிரித்தபடியே கிடக்கிறது. அந்த அறைக்குள் நான் போவதில்லை.

அம்மாவிடம் ஒன்றே ஒன்று கேள். நான் யாருக்குக் கொள்ளி வைத்தேன்? நாற்பத்தேழு வருஷமாக அப்பா பேரைச் சொல்லி வைத்த சோற்றை யார் வந்து சாப்பிட்டது?

உதயகுமார்

காஞ்சிபுரம்
2 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். மூன்று நாள் ஆயிற்று. இன்று காலையில் அம்மா தானாகவே கூப்பிட்டாள்.

“அவரத் தேட வேணாம்னு சொல்லுமா. ஓடிப்போனவரு அப்படியே இருக்கட்டும். திதிய மட்டும் நிறுத்தக் கூடாது. இத்தினி வருசமா வெட்டனவன் பேரச் சொல்லி, வெட்டுப்பட்டவனுக்குச் சோறு போட்டோம். அவனும் ஒண்ணும் சொல்லாம வந்துக்கினு இருந்தான். இந்த வாட்டியாவது அவன் பேரச் சொல்லச் சொல்லு.”

பெயர் பூவராகவன். ஊர் சின்ன காஞ்சிபுரம். இறந்தபோது வயது இருபத்தொன்பது. அவருடைய அப்பா பெயர், நட்சத்திரம் எல்லாம் தடுமாறாமல் சொன்னாள். தனியாக எழுதி இதோடு வைத்திருக்கிறேன்.

எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. நீயும் கேட்காதே. அப்பாவுக்காக அம்மா அழுது நான் பார்த்ததே இல்லை, அண்ணா. அந்தப் பெயரைச் சொல்லிவிட்டு அழுதாள்.

தங்கை,
சங்கரி