போணிக்கு முன் ஒரு பூனை

என் அப்பாவுக்கு,

இல்லை, ஏரிப் பக்கத்து கிளினிக்கை நான் தேர்ந்தெடுக்கவில்லை. நடந்து போக முடிந்தது அங்கே மட்டும்தான்.

உன் மீட்டருக்கு மூத்திரம் நின்றுவிட்டது. மழைக்கு உன் ஆட்டோவில் ஏறி, மீட்டர் பெட்டிக்கு அடியில் தூங்கிப்போன கறுப்புப் பூனைக்குட்டி. நீ வைத்த பெயர். நீ செத்துப்போன பிறகும், மாலையில் ஆட்டோச் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடியது அவன் ஒருவன்தான்.

முந்தாநாள் மாலை முழுக்கக் குந்தியபடியே இருந்தான். ஒரு சொட்டு வரவில்லை. எதிர்வீட்டு ஸ்டெல்லா அக்கா எட்டிப் பார்த்தாள். “பூனைக்கு டாக்டரா? எம்.ஏ. படிச்சா இப்படித்தான். பட்டினி போடு, தன்னால சரியாவும்.” பெங்களூரில் மற்ற இடம் எப்படியோ, நம் ஜோகுபாளையத்தில் நாய்க்கு டாக்டர் உண்டு. பூனை தானாகப் பிழைக்கும், அல்லது தானாகச் சாகும்.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் செய்தேன். ஏரிப் பக்கத்து கிளினிக்கில், நாய்தான் அதிகம் பார்ப்போம் என்றார்கள். ஊரின் மறுகோடியில் இருக்கும் பெரிய கால்நடை ஆஸ்பத்திரியில், காலையில் கொண்டுவாருங்கள் என்றார்கள். பெரியதையே தேர்ந்தெடுத்தேன்.

விடிந்ததும் ஒயர்கூடையில் அவனை வைத்து, மேலே உன் துண்டைக் கட்டி, நம் ஸ்டாண்டுக்குப் போனேன். முதல் வண்டி செல்வராஜ் சித்தப்பாவுடையது. உன்னோடு பீடி பங்கு போட்டவர். கூடைக்குள்ளிருந்து மீட்டர் கத்தினான்.

“இன்னும் போணி ஆகலம்மா,” என்றார். “காலங்காத்தால பூனை. அதுவும் கறுப்பு. ஒரே ஒரு சவாரி அடிச்சிட்டு ஓடியாந்துர்றேன். தப்பா நெனச்சுக்காத.”

மற்ற டிரைவர்கள் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்கள்.

கோபம் வரவில்லை அப்பா. நீயும் அப்படித்தான். எதிரே வந்துவிடக் கூடாது என்று தினமும் இவனைச் சமையலறையில் அடைத்துவிட்டுக் கிளம்புவாய். முதல் சவாரி முடிந்ததும் பன் வாங்கி வந்து திறந்துவிடுவாய்.

நடந்தேன்.

ஏரிப் பக்கத்து டாக்டர் வயிற்றைத் தொட்டதும் கையை எடுத்துவிட்டார். “கல்லு மாதிரி இருக்கு மேடம். நம்மகிட்ட நாய்க்குப் போடற மூத்திர ட்யூப்தான் இருக்கு. இதுக்கு மெல்லிசா வேணும். பேக ஹோகி, சீக்கிரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க.”

வெளியே சித்தப்பாவின் ஆட்டோ நின்றது. தேடிக்கொண்டு வந்திருந்தார். போணி ஆகியிருந்தது. சிக்னல்களில் நிற்காமல் ஓட்டினார்.

பெரிய ஆஸ்பத்திரியில் ட்யூப் உள்ளே போனது. ரத்தம்தான் வந்தது. “கிட்னி போயிடுச்சு. கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா பொழச்சிருக்குமான்னு என்னால சொல்ல முடியாது,” என்றார் அங்கிருந்த டாக்டர்.

கூடையோடு அவனை மடியில் வைத்துத் திரும்பும்போது சித்தப்பா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “அந்த சவாரி, சும்மா பக்கத்துலதான்...” என்று தொடங்கி நிறுத்திவிட்டார். நானும் கேட்கவில்லை.

உன்னிடம் கேட்கிறேன். முதல் வண்டி உன்னுடையதாக இருந்திருந்தால்? கூடைக்குள் கத்துவது மீட்டர் என்று உனக்குத் தெரியும். கூடை யார் கையில் என்றும் தெரியும். ஏற்றியிருப்பாயா? இல்லை, நீயும் ஒரே ஒரு சவாரி அடித்துவிட்டு வருகிறேன் என்றிருப்பாயா?

பதில் எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

இரவு கழிவதற்குள் மீட்டர் போய்விட்டான். இன்று விடியலில் சித்தப்பா வந்தார். கூடையை என் கையிலிருந்து வாங்கி, தானே பின் சீட்டில் வைத்தார்.

“போணி ஆச்சா சித்தப்பா?”

“இல்ல. நீ ஏறு.”

ரயில்வே லைன் ஓரம் குழி தோண்டினார். உன் துண்டோடு வைத்தோம். இருவரும் அழவில்லை. இப்போது போணிக்கு முன் ஏற்றி என்ன?

அந்த சவாரியைப் பற்றி அவரிடம் ஒருநாளும் கேட்கமாட்டேன். அந்த வாக்கைத்தான் உனக்குத் தர முடிகிறது. வேறொன்றும் என்னிடம் இல்லை.

வீட்டுக்கு வந்து கூடையைக் கழுவி, மாடியில் காயப்போட்டேன்.

உன் மகள்,
மலர்