பதினான்கு இரவுகளும் ஒரு ஜோடி பூட்ஸும்

பால்டிமோர்,
செப்டம்பர் 17, திங்கட்கிழமை

அன்புள்ள லின்வுட்டுக்கு,

எர்லீன் எழுதிக்கொள்வது. நானும் மகளும் நலம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? நான் அனுப்பிய தைலத்தைத் தேய்க்கிறாயா, இல்லை அலமாரியில் அழகுக்கு வைத்திருக்கிறாயா? நேற்று போனில் நான் பேசப் பேச நீ உம் உம் என்றாய். உம் கொட்டுகிற மனுஷனிடம் போனில் பேசி என்ன பிரயோஜனம்? அதனால்தான் கடிதம். இதைக் கடைசி வரி வரைக்கும் உட்கார்ந்து படித்துத்தான் ஆக வேண்டும் நீ.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் வீட்டு வாடகை ஒப்பந்தத்தில் உன் பெயரைச் சேர்க்கக் குடியிருப்பு அலுவலகத்தில் சம்மதித்துவிட்டார்கள். காகிதம் தயார். நீ நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். இருபத்தெட்டாம் தேதி வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணி வரைக்கும்தான் கெடு. தவறினால் மறுபடி முதலிலிருந்து மனுப் போட்டு இன்னும் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். எனக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை, சொல்லிவிட்டேன்.

வசந்த காலத்தில் மத்திய அரசு கஞ்சாவைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்தபோது நீ நம்பவில்லை. பழைய வழக்குகளைத் துடைத்துவிடுவார்கள், அரசுக் குடியிருப்பிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களைத் திரும்பச் சேர்ப்பார்கள் என்று படித்துக் காட்டியபோது, "இன்னிக்கு குடுப்பாங்க, நாளைக்குப் புடுங்கிப்பாங்க" என்றாய். உன்னைக் குறை சொல்லவில்லை. உனக்கு நடந்தது எனக்கு நடந்திருந்தால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனால் நான் சும்மா இருக்கவில்லை. நம் சர்ச் கூடத்தில் வக்கீல்கள் மேஜை போட்டு உட்கார்ந்த அன்று, நீ கையெழுத்துப் போட்டு அனுப்பிய தாளை எடுத்துக்கொண்டு காலையிலேயே போய் நின்றேன். வரிசை வாசலைத் தாண்டி நடைபாதை வரைக்கும் இருந்தது. கல்யாண வீடு மாதிரி எல்லாரும் நல்ல உடுப்பில் வந்திருந்தார்கள். பொரித்த கோழியும் மக்ரோனியும் தட்டு தட்டாக வந்துகொண்டே இருந்தன. நீ இருந்திருந்தால் வரிசையை விட்டுவிட்டுச் சமையலறைப் பக்கம் போயிருப்பாய்.

எனக்குக் கிடைத்த வக்கீல் ரோஷெல் பைனம் என்று ஒரு சின்னப் பெண். உன் வழக்கைக் கணினியில் தேடி எடுத்து, கோட்டுப் பையில் ஒரு சின்னப் பொட்டலம், பஸ் நிறுத்தத்தில் கைது என்று படித்துவிட்டு, இவ்வளவுதானா என்று என்னைப் பார்த்தாள். இவ்வளவுதான் என்றேன். அழித்ததை இனி யாராவது திரும்ப எழுத முடியுமா என்று அவளிடம் நாலு தடவை கேட்டேன். "முடியாதும்மா. நீங்க அஞ்சாவது தடவ கேட்டாலும் முடியாது" என்று சிரித்தாள். உனக்காகத்தான் நாலு தடவையும் கேட்டேன்.

வழக்கு அழிந்துவிட்டது என்று போன மாதம் கடிதம் வந்தது. அதன் அடியில், உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று ஒரு வரி. சிரமமாம். பஸ் தாமதமானால் சிரமம், லிஃப்ட் ஓடாவிட்டால் சிரமம். ஒன்று புருஷன் வெளியே போக வேண்டும், இல்லை குடும்பமே வெளியே போக வேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டியதற்குப் பெயர் சிரமமா? ஐந்து வயதுக் குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு நீ உன் துணிகளை மடித்தாயே, அதற்குப் பெயர் என்ன? பத்தொன்பது வருஷம், லின்வுட். எனக்கு வந்த கோபத்தில் கடிதத்தைக் கிழிக்கப் போனேன். கியோனாதான் பிடுங்கி, "அம்மா, திட்டறதுன்னா திட்டு, தாளைக் குடு" என்று பத்திரப்படுத்தினாள்.

உன்னைப் பிடித்த அதே பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இப்போது கண்ணாடிக் கதவு போட்ட கஞ்சாக் கடை இருக்கிறது. குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். போலீஸ்காரர் போக்குவரத்தை ஒழுங்குபடுத்துகிறார். தினமும் வேலைக்குப் போகும்போது பார்க்கிறேன். முன்பெல்லாம் வயிறு எரியும். இப்போது உன் காகிதம் கையில் இருப்பதால் கொஞ்சம் சிரிப்பும் வருகிறது.

இனி நீ பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டிய பகுதி. உன் பூட்ஸ் எரிந்துபோய்விட்டது.

போன சனிக்கிழமை வெந்த மக்ரோனியை முறுகவைக்க அடுப்பின் உள்ளறையைச் சூடாக்கி வைத்திருந்தேன். கதவு தட்டிய சத்தம். கதவுத் துளை வழியே பார்த்தால் குடியிருப்பு மேலாளர் ஹாஸ்கின்ஸ். என் கால் தானாக வாசலுக்குப் போனது, என் கை தானாக உன் பூட்ஸைத் தூக்கியது. அப்பா பூட்ஸ் கதவுப் பக்கம் இருந்தால்தான் சாப்பிடுவேன் என்று கியோனா சின்ன வயதில் அடம்பிடித்ததிலிருந்து அது அங்கேயேதான் இருக்கிறது, நீ இங்கேயே தங்குகிறாய் என்று எழுதிவிடுவார்களே என்று சோதனைக்கு வந்தால் மட்டும் ஒளிந்துகொள்ளும். அன்று பாத்திரத்தொட்டிக்குக் கீழே குழாய் ஒழுகி வாளி வைத்திருந்தேன். வேறு இடம் தோன்றவில்லை. அடுப்புக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரை உள்ளே கூப்பிட்டேன். நான்தான் விண்ணப்பித்தேன், நான்தான் காத்திருந்தேன், அவர் அந்தக் காகிதத்தோடுதான் வந்திருந்தார், அப்போதும் ஒளித்துவைத்தேன். பழக்கம் என்னை விட்டால்தானே.

அவர் காகிதத்தை விரித்து முதல் பக்கம் முடிப்பதற்குள் ரப்பர் கருகும் நாற்றம். அடுப்பைத் திறந்தது அவர்தான். புகைக்கு நடுவில் உன் பூட்ஸ் இரண்டும் தலை குனிந்து நின்றன. நான் செத்தேன் என்று நினைத்தேன். அந்த மனிதர் இருமிக்கொண்டே, "மிசஸ் டாலிவர், ஒம்பது வருஷமா இந்த பூட்ஸை நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். சிங்க்குக்குக் கீழ, துணிக்கூடைக்குள்ள, ஒரு தடவ குளியல் தொட்டியில. அடுப்புல இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றார். தெரிந்தும் ஒருநாளும் எழுதவில்லை அவர். அடிக்கவா கட்டிக்கொள்ளவா என்று தெரியாமல் மக்ரோனியில் பாதியை டப்பாவில் போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

இப்போது உன் பயத்துக்கு வருகிறேன். முட்டிவலி, நண்டுப் படகுத்துறை வேலை, ஏழு மணிக்கே தூங்கிவிடுகிற பழக்கம் என்று நேற்று நீ அடுக்கியதில் ஒன்றும் உண்மையில்லை. உன்னால் எங்களுக்கு மறுபடி வீடு போய்விடுமோ என்றுதான் நீ வராமல் இருக்கிறாய். எனக்குத் தெரியாதா உன்னை? விருந்தாளி தங்க வருஷத்தில் பதினான்கு இரவுதான் என்ற குடியிருப்பு விதியை நீ ஒரு தடவைகூட மீறியதில்லை. கிறிஸ்துமஸுக்கு மூன்று, நவம்பரில் நன்றி நாள் விருந்துக்கு இரண்டு, மகள் பிறந்தநாளுக்கு ஒன்று என்று நாம் பிரித்து வைத்துச் செலவழித்தோம். எனக்குப் பித்தப்பை ஆபரேஷன் ஆன வருஷம் அத்தனையும் தீர்ந்துபோய், பனிப்புயலில் உன் படகுத்துறை ஊருக்கும் போக முடியாமல், பதினைந்தாவது இரவைப் பேருந்து நிலையத்தில் கோட்டோடு உட்கார்ந்து கழித்தாய். நாலு தெரு தள்ளி நான் கட்டிலில் படுத்திருந்தேன். எங்களுக்காக நீ வெளியே இருந்தது போதும். இனி எங்களுக்காக உள்ளே இரு.

இருபத்தெட்டாம் தேதி காலையிலேயே கியோனா காரோடு வருகிறாள். அவளுக்கு இருபத்துநாலு வயதாகிவிட்டது, உன் உம் அவளிடம் செல்லாது. "வரமாட்டேன்னு சொல்லிப் பாக்கட்டும், கட்டிலோட சேத்துத் தூக்கிட்டு வந்துடறேன்" என்கிறாள். புது பூட்ஸ் வாங்கி வைத்திருக்கிறேன், பதினோராம் அளவு. கதவுப் பக்கம்தான் இருக்கிறது.

இன்னும் ஒன்று. கீழே வாசல் மேஜையில் வருகைப் பதிவேட்டில் என்ன உறவு என்று ஒரு கட்டம் உண்டே, முதல் தடவை நீ அதில் கணவன் என்று எழுதினாய். உடனே என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு எச்சரித்தார்கள். அதன் பிறகு பத்தொன்பது வருஷமும் நீ விருந்தாளி என்றே எழுதினாய். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் பார்த்தேன். புது ஒப்பந்தத்திலும் அந்தக் கட்டம் இருக்கிறது. மேலாளர் என்னையே நிரப்பச் சொன்னார். மாட்டேன், என் புருஷனே வந்து எழுதட்டும் என்று காலியாக விட்டிருக்கிறேன்.

கடவுள் துணையாக, நல்லபடியாக வந்து சேர், லின்வுட்.

இப்படிக்கு,
உன் மனைவி,
எர்லீன்