சிரிப்புக்கு முந்திய வரி

மார்ச் 4
ஓபராவின் கதாநாயகி ‘போகாதே’ என்று மூச்சு முட்டப் பாடுகிறாள், பாடிக்கொண்டே இருக்கிறாள். நான் ஒரே ஒரு தடவை ‘போகாதே’ என்று எழுதிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். இப்படி ஒரு வேலை யாருக்குக் கிடைக்கும்?

மேடைக்கு மேலே ஒரு கறுப்புப் பட்டை. பாட்டு எந்த மொழியில் இருந்தாலும் அதில் தமிழ் ஓடும். எழுதுவதும் நானே, கண்ணாடி அறையில் உட்கார்ந்து பொத்தானை அழுத்தி வரியை ஓட்டுவதும் நானே. மூன்று காட்சி சோதனையாம். சரிப்படாவிட்டால் தமிழைத் தூக்கிவிடுவார்கள்.

‘அங்கெல்லாம் நமக்கென்ன வேலை’ என்று இத்தனை வருஷம் சொன்ன அண்ணி — என் வீட்டுக்காரரின் அக்கா, ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை — வருகிறேன் என்றிருக்கிறார்.

மார்ச் 7
முதல் காட்சி. அண்ணியும் வந்திருந்தார். கிழட்டு மாப்பிள்ளையாக நம் ‘இடிமுழக்கம்’. (பேர் வைத்தது நான். அவருக்குத் தெரியாது.) நெஞ்சில் கைவைத்து, ‘உனக்காக உயிரையும் கொடுப்பேன், சாப்பாடு முடியட்டும்’ என்று பாட வேண்டும். முழு வரியையும் ஒரேயடியாகப் போட்டுவிட்டேன். மனுஷன் ‘உயிரை’யிலேயே இழுத்துக்கொண்டிருக்கிறார், அரங்கம் கொல்லென்று சிரிக்கிறது. பாடிக்கொண்டே குனிந்து கால்சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டார்.

எனக்கோ உச்சி குளிர்ந்துவிட்டது. என் வரிக்கல்லவா சிரிப்பு.

மார்ச் 8
இயக்குநர் கூப்பிட்டார். ‘சிரிச்சா நல்லதுதானே சார்?’ என்றேன்.

‘அவர் சிரிக்க வெச்சா நல்லது. நீங்க முந்திக்கிட்டீங்க.’

பட்டை இருந்தால் இடிமுழக்கம் பாட மாட்டாராம். ‘நான் பாட வந்தேனா, அந்தம்மா எழுத்துக்குப் பின்பாட்டு பாட வந்தேனா?’ என்று கேட்டாராம். நியாயம்தான். அதுதான் எரிச்சல்.

சாயங்காலம் அண்ணி போன். ‘ஏம்மா, அடுத்த காட்சிக்கு எங்க ஷிப்ட்டையே கூட்டிட்டு வரேன்.’ தமிழே இருக்காது அண்ணின்னு எந்த வாயால சொல்றது?

மார்ச் 9
வெட்கத்தை விட்டு அவருடைய ஒப்பனை அறைக்குப் போனேன். பாதி மீசை ஒட்டியிருந்தார்.

‘தப்பு என் மேலதான் சார். எங்க நிறுத்தணும்னு நீங்களே சொல்லுங்க.’

கண்ணாடி வழியாகவே முறைத்தார். ‘என் கை நெஞ்சுல இருக்கற வரைக்கும் உங்க கை பொத்தான் பக்கம் போகக் கூடாது. ஒரு தடவ பாக்கறேன். ஒரே தடவ.’

மார்ச் 12
வரியை இரண்டாக வெட்டினேன். உயிர் முதலில், சாப்பாடு பிறகு. வீட்டில் இவரை நெஞ்சில் கைவைத்து நிற்கவைத்து, டிவி ரிமோட்டை அழுத்திப் பழகினேன். ‘எறக்கட்டுமா, கை வலிக்குது’ என்கிறார். இவரும் ஒரு கலைஞர்.

மார்ச் 14
சலவைக்கூடம் இரண்டு வரிசையை அடைத்துக்கொண்டது.

‘உனக்காக உயிரையும் கொடுப்பேன்’ — போட்டேன். ஒரு சத்தமில்லை. அண்ணி பக்கத்திலிருந்து யாரோ உச்சுக்கொட்டினார்கள். மனுஷன் நெஞ்சிலிருந்து கையை எடுக்கவே இல்லை. பழி வாங்குறாரா? என் இரண்டு கையும் மடியில்.

கை மெல்ல இறங்கியது. தொப்பையில் வந்து நின்றது. வாயைத் திறந்தார், அழுத்தினேன். குரலும் வரியும் ஒன்றாக விழ, அரங்கம் வெடித்தது. இந்தத் தடவை அவர் கால்சட்டையைக் குனிந்து பார்க்கவில்லை. சிரிப்பு அடங்கும்வரை ராஜா மாதிரி நின்றார்.

மார்ச் 16
மூன்றாவது காட்சிக்குக் காத்திராமலே, இனி எல்லா ஓபராவுக்கும் தமிழ் உண்டு என்று இயக்குநர் சொல்லிவிட்டார். இடிமுழக்கமே கேட்டாராம். அப்பாடா.

அண்ணி போனில் மாப்பிள்ளை புராணம். ‘என்னமா பாடுறாரு அந்த மனுஷன். ஒரு வார்த்த விடாம புரிஞ்சுதும்மா.’

‘என் எழுத்து எப்படி இருந்துச்சு அண்ணி?’

‘எழுத்தா? இந்தத் தடவையும் போட்டாங்களா?’

‘ஓரமா ஓடிச்சு அண்ணி’ என்றேன்.