பேச்சில்லாத படகு

2024 ஜனவரி 29, திங்கள். சூலூர்.

பம்பு கம்பெனியிலிருந்து பவன் என்றொரு பையன் டை கட்டிக்கொண்டு வந்தான். போன வருஷம் என் வீட்டுக்காரரைப் போல நன்றாக விற்ற டீலர்களுக்கு இந்த முறை பாங்காக் இல்லையாம். மாலத்தீவில் பாய்மரப் படகு. நாலு ஜோடிக்கு மட்டும். தினம் ஒரு தீவு. செல்போனில் படத்தைக் காட்டினான். வெள்ளைப் பாய், வெள்ளைத் தரை, வெள்ளை மெத்தை. இவ்வளவு வெள்ளையையும் யார் துவைப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

இவர் படத்தைச் சரியாகப் பார்க்கவேயில்லை. "உள்ள வர்ற தண்ணிய எறைக்க என்ன பம்புங்க வெச்சிருக்காங்க?" என்று கேட்டார். பவனுக்குத் தெரியவில்லை.

எனக்குப் போக ஆசையில்லை. மெல்போர்னிலிருந்து மகன் கிருபாசங்கர் போன் செய்து, "போயிட்டு வாம்மா, ஊட்டுக்குள்ளயே இருந்து என்ன பண்றே" என்கிறான். என்ன பண்றேன்? இதில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 11

இவருக்கு அரைக்கால் சட்டை வாங்கினோம். போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்று பார்த்தார். கழற்றிப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டார்.

பிப்ரவரி 18, ஞாயிறு. கொச்சி விமான நிலையம்.

அம்சா இங்கே இருக்கிறாள்.

அம்சவேணி என் கூடப் பிறந்த தங்கை. நாங்கள் இருவரும் அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டவர்கள். அவள் புருஷன் திருமலைசாமி, இவருடைய ஒரே தம்பி, பொள்ளாச்சியில் இதே கம்பெனி பம்புதான் விற்கிறார். அவர்கள் புது வீடு கட்டிக் குடிபோனபோது, திருமலை மட்டும் வந்து அழைப்பிதழை இவர் கடை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். புருஷன் பொண்டாட்டியாக வீட்டுக்கு வந்து, வெற்றிலை பாக்குத் தட்டில் வைத்து நீட்டி, நாங்களும் இருவராக நின்று வாங்கினால்தான் எங்கள் பக்கம் அது அழைப்பு. "கடையில போட்டுட்டுப் போறதுக்கு நான் என்ன கஸ்டமரா?" என்றார் இவர். போகவில்லை. அன்றிலிருந்து பேச்சில்லை. ஆண்களுக்குப் பேச்சில்லை என்றால் எங்களுக்கும் இல்லை. கிருபா கல்யாணத்துக்கு அவர்களை நாங்கள் அழைக்கவே இல்லை.

இவர் மட்டும் ரொம்ப முறை தெரிந்தவரா? ஆனைமலையில் இவர் பெரியப்பா மகன் காளிச்சாமி இருக்கிறார். கிருபா கல்யாணத்துக்கு அவருக்குப் போனில்தான் சொன்னார். அவரும் வரவில்லை. இதையெல்லாம் எடுத்துச் சொன்னால் எனக்குத்தான் திட்டு விழும்.

பவன் சிரித்த முகமாக வந்தான். "அண்ணன் தம்பின்னு தெரிஞ்சுதானுங்க சார் ஒரே படகுல போட்டேன். சர்ப்ரைஸா இருக்கட்டும்னு." நல்லது நினைத்துத்தான் செய்திருக்கிறான், பாவம். இவர் திரும்பிப் போய்விடலாம் என்றார். அதற்குள் பெட்டி உள்ளே போய்விட்டது.

அம்சா இளைத்திருக்கிறாள். தலையில் ஸ்கார்ஃப். வெயிலுக்காக இருக்கும்.

பிப்ரவரி 19

படகு படத்தில் பார்த்த மாதிரியேதான் இருக்கிறது. செருப்பு போடக்கூடாது என்று ஏறும்போதே ஒரு கூடையில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். பாயை ஏற்றியதும் எஞ்சினை நிறுத்தினார்கள். சத்தமே இல்லாமல் போகிறது. தண்ணீர் கரையோரம் பச்சை, தள்ளிப் போனால் நீலம். துண்டை அன்னப்பறவையாக மடித்து மெத்தைமேல் வைத்திருக்கிறார்கள். அதைக் கலைக்க மனசு வராமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

சாப்பாட்டுக்கு ஒரே மேசை. அந்தியூர்க்காரர் தம்பதி, கரூர்க்காரர் தம்பதி, நாங்கள், அவர்கள். பரிமாறுகிறவர் ஆஸிம். தாடி நரைத்த மாலத்தீவுக்காரர், திருவனந்தபுரத்தில் படித்தவராம், மலையாளம் பேசுகிறார். அவர் இருப்பது அண்ணனுக்கும் தம்பிக்கும் வசதியாகப் போயிற்று.

"ஆஸிம், அந்தப் பக்கம் உப்பு இருந்தா குடுக்கச் சொல்லுங்க."

"ஆஸிம், உப்பு இங்கதான் இருக்குதுன்னு சொல்லுங்க."

ஆஸிம் உப்பை எடுத்து நடுவில் வைத்துவிட்டு இரண்டு பேரையும் பார்த்தார். அந்தியூரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த அம்சா தட்டில் இருந்ததைக் கிளறிக்கொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை.

அவர்கள் அறை எங்கள் அறைக்கு அடுத்தது. நடுவில் பலகைதான். அவள் வாந்தி எடுக்கிற சத்தம் கேட்கிறது. கடல் ஒத்துக்கொள்ளவில்லை போல.

பிப்ரவரி 20

இன்று கூத்து. மீனும் ரொட்டியும் தின்று அலுத்துப்போய், அந்தியூரம்மா பெட்டியிலிருந்து கரண்ட் குக்கரை எடுத்தாள். அரிசியும் பருப்பும் ஊரிலிருந்தே கொண்டுவந்திருக்கிறாள். அறையில் வைத்து சுவிட்சைப் போட்டாள். படகு முழுக்கக் கரண்ட் போய்விட்டது.

கேப்டன் ஓடி வந்தார். அதற்குள் நாலு பம்பு டீலர்களும் சுவிட்சு போர்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். இந்தப் படகில் ஏறியதிலிருந்து ஆண்கள் முகத்தில் இவ்வளவு உற்சாகத்தை நான் பார்க்கவில்லை. இவரும் திருமலையும் தலையோடு தலை முட்டக் குனிந்திருந்தார்கள்.

"லோடு தாங்கலீன்னு சொல்லுங்க ஆஸிம்."

"லோடு இல்ல, எர்த் லீக்குன்னு அவருகிட்டச் சொல்லுங்க ஆஸிம்."

ஒருவர் டார்ச் பிடிக்க ஒருவர் ஸ்குரூ முடுக்கினார். கரண்ட் வந்தது. இருவரும் நிமிர்ந்தார்கள், ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள்.

பிறகு கேப்டனே சமையலறையில் குக்கர் வைக்க இடம் கொடுத்தார். அரிசிம்பருப்புச் சாதம். அம்சா ஒரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டாள். நெய் ஊற்றட்டுமா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. இவர் பக்கத்தில் இருந்தார்.

பிப்ரவரி 21

எழுதுவதா வேண்டாமா தெரியவில்லை.

காலையில் பவளப்பாறை பார்க்கக் கடலில் இறக்கினார்கள். முகத்தில் கண்ணாடி, வாயில் குழாய், சுடிதாருக்கு மேலே மிதவைச் சட்டை. இரண்டிரண்டு பேராகக் கையைப் பிடித்துக்கொண்டுதான் போகவேண்டுமாம். மற்ற பெண்கள் மாட்டேன் என்றுவிட்டார்கள். மிச்சம் நானும் அம்சாவும். ஆஸிம் எங்கள் இரண்டு பேர் கையையும் எடுத்துச் சேர்த்துவிட்டார். மேலே அண்ணனும் தம்பியும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. வாயில் குழாய் இருக்கும்போது பேச்சு ஏது.

கீழே மஞ்சள் மீன், கோடு போட்ட மீன், ஒரு ஆமை. நான் எதையும் சரியாகப் பார்க்கவில்லை. அவள் கையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். எலும்பாக இருந்தது. வளையல் கழன்று வந்துவிடும் போலிருந்தது, மேலே தள்ளிவிட்டேன். அவள் என் விரலை அழுத்தினாள்.

அப்புறம் மணல்திட்டில் கரையேறினோம். ஸ்கார்ஃப் தண்ணீரில் நழுவிவிட்டது. முடி இப்போதுதான் முளைக்கிற மாதிரி இருக்கிறது. நனைந்த சுடிதாரில் இடதுபக்கம் தட்டையாக இருந்தது. துண்டைப் போர்த்திவிடப் போனேன்.

"பாத்துட்டியாக்கா" என்றாள். இத்தனை வருஷம் கழித்துப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"எப்பிருந்து கண்ணு?"

"போன ஆடியில இருந்து. எடுத்துப்போட்டாங்க. எடுத்தும் நிக்கலைங்கறாங்க." கடலைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "ஆருகிட்டயும் சொல்லிப்போடாதே. அக்ஷயாவுக்கு மாப்ள பாத்துட்டிருக்கோம். தாய்க்கு இப்படின்னா ஆரு பொண்ணெடுப்பாங்க?"

"உங்க மாமாகிட்ட மட்டும்..."

"மாமாகிட்ட வேண்டவே வேண்டாம். பாவம்னு வந்து நிப்பாரு. பாவம்னு ஆரும் எம்பட ஊட்டுக்கு வர வேண்டாம்." பிறகு கேட்டாள். "கல்யாணம் கூடுனா நாங்க ரெண்டு பேரும் வந்து முறையாத் தட்டு வெச்சுக் கூப்படறோம். மாமா வாங்கிக்குவாரா?"

"வாங்க வெக்கறேன்" என்றேன். சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டேனே தவிர, எப்படி?

பிப்ரவரி 23

படகின் முன்பக்கத்தில் வலை கட்டியிருக்கிறார்கள், அதில் படுத்துக்கொண்டே தண்ணீரைப் பார்க்கலாம். இவர் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு படுத்திருந்தார். இதுதான் நேரம் என்று மெதுவாகக் கேட்டேன். அக்ஷயா கல்யாணத்துக்கு வந்து கூப்பிட்டால் என்ன செய்வீர்கள்?

வலைக்குக் கீழே ஓடுகிற தண்ணீரையே பார்த்தார். பிறகு, "முறையா வந்தா வாங்காம என்ன? வரட்டும்" என்றார்.

எனக்கு அது போதும். பலகைக்கு அந்தப்பக்கம் அவள் இருமுகிறாள். பலகையை இரண்டு தட்டுத் தட்டினேன். அவளும் தட்டினாள்.

பிப்ரவரி 25, சூலூர்

ஊர் வந்தாயிற்று. கட்டில் ஆடுகிற மாதிரியே இருக்கிறது. கொச்சியில் ஆளுக்கொரு காரில் ஏறினோம். கையாட்டக்கூட இல்லை.

ஜூலை 14

அக்ஷயாவுக்கு மாப்பிள்ளை அமைந்துவிட்டதாம், தாராபுரம் பக்கம். ஆவணிக் கடைசி முகூர்த்தம். ஜவுளிக்கடையில் யாரோ சொன்னார்கள். தட்டுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 18

ஊர் முழுக்க அழைப்பு வைத்துவிட்டார்கள். திருமலைக்குத் தெரிந்த தம்பதி யாரோ போய் வைக்கிறார்களாம். எங்களுக்கு இன்னும் வரவில்லை. இவர் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் கேட் சத்தம் கேட்டால் நிமிர்ந்து பார்க்கிறார். எனக்குப் புரிகிறது. அண்ணன் வீட்டுக்கு மட்டும் தன் கையாலேயே தட்டு வைக்கவேண்டும் என்று, எழுந்து நிற்கத் தெம்பு வரட்டும் என அம்சா காத்துக்கொண்டிருக்கிறாள். இதை நான் யாரிடம் சொல்ல?

ஆகஸ்ட் 25, ஞாயிறு

வந்தார்கள்.

இவர் வாசல் கேமராவில் அவர்கள் காரைப் பார்த்தார். "ஊரெல்லாம் அழச்சு முடிச்சுப்போட்டு, கடைசியா வாராங்களா அண்ணனூட்டுக்கு? நான் இல்லேன்னு சொல்லு." பின்கட்டுக்குப் போய்விட்டார். நான் பின்னாலேயே போய்க் கையைப் பிடித்தேன். உதறினார். சொல்லியிருக்கலாம். வாய்க்குள் வந்து நின்றது. பாவம்னு ஆரும் வர வேண்டாம்னு சொன்னாளே, சத்தியம் மாதிரி சொன்னாளே.

அம்சா சவுரி வைத்துப் பட்டுச் சேலை கட்டியிருந்தாள். திருமலை அவள் முழங்கையைப் பிடித்திருந்தார். வாசல்படி ஏற முடியவில்லை. ஏறினாள். தட்டை அவள்தான் வைத்திருந்தாள்.

"அவருங்க வெளிய போயிருக்காருங்க" என்றேன். நான் ஒருத்தியாக வாங்கக் கூடாது.

படியோரம் இவர் செருப்பு கிடந்தது. அம்சா அதைப் பார்த்தாள். திருமலையும் பார்த்தார். தண்ணீர் கொடுத்தேன், குடித்தார்கள்.

"அதனால என்னங்க்கா. இன்னொரு நாளைக்கு வாரோமுங்க" என்றாள். தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

செப்டம்பர் 9

அம்சா போய்விட்டாள். கல்யாணத்துக்கு நாலு நாள் இருந்தது.

சாவுக்கு அழைப்பு வேண்டியதில்லை. போனோம். காரில் இவர் கேட்டார்.

"உனக்கு எப்பிருந்து தெரியும்?"

"படகுல இருந்தே."

"அன்னிக்கு வந்தப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

செப்டம்பர் 25

மாப்பிள்ளை வீட்டார் துக்கம் கேட்கப் பொள்ளாச்சிக்கு வந்தார்கள், நானும் அங்கே இருந்தேன். வருஷம் திரும்பட்டும், நாங்கள் பொறுத்திருக்கிறோம் என்றார்கள். மாப்பிள்ளையின் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து, "மொதல்லயே சொல்லியிருந்தாலும் நாங்க ஒண்ணும் நெனச்சிருக்க மாட்டமுங்க" என்றாள். நல்ல மனுஷி. அவளைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

2025 அக்டோபர் 12

திருமலை வந்தார். தனியாக. பொண்டாட்டி இல்லாதவர் தட்டு எடுக்க முடியாது. திண்டாடிப்போய் நின்றார். "அண்ணா, அக்ஷயா கல்யாணத்துக்கு நீயும் அண்ணியும்தான் எல்லாத்தையும் அழைக்கோணும்" என்றார். நடுவில் ஆஸிம் இல்லை. இவர் எழுந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் உள்ளே போய்விட்டேன். இதை அவள் பார்த்திருக்க வேண்டும்.

அக்டோபர் 26, ஞாயிறு

காலையிலிருந்து அழைப்பு. ஒவ்வொரு வீட்டிலும் இவரே தட்டை எடுத்துக்கொண்டு இறங்குகிறார். நான் வாங்கிக்கொள்கிறேன் என்றால் தருவதில்லை.

கடைசியாக ஆனைமலை, கிருபா கல்யாணத்துக்கு இவர் போனில் மட்டும் சொன்னாரே, அந்தக் காளிச்சாமி வீடு. அவர் பொண்டாட்டி மட்டும் வெளியே வந்தாள். "அவரு தோட்டத்துக்குப் போயிட்டாருங்க" என்றாள். படிக்குப் பக்கத்தில் காளிச்சாமியின் செருப்பு இருந்தது. உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது.

இவர் அந்தச் செருப்பைப் பார்த்துக்கொண்டே நின்றார். எனக்குப் பயமாக இருந்தது, ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று. தண்ணீர் கொடுத்தாள். வாங்கிக் குடித்தார்.

"அதனால என்னங்க அம்மணி. இன்னொரு நாளைக்கு வாரோமுங்க" என்றார்.

காரில் ஏறித் தட்டை மடியில் வைத்துக்கொண்டார். வெற்றிலை வாட ஆரம்பித்திருந்தது. சாவி கையிலேயே இருந்தது. வண்டியை எடுக்கவில்லை.