மைக் இல்லாமல் பேசிய ராஜா

என் ஆசைத் தங்கச்சி எஸ்தருக்கு,

அங்கே சவுண்டு எப்படி இருக்கு? பரலோகத்துல எந்நேரமும் பாட்டுதான்னு சொல்றாங்க. எக்கோ ஜாஸ்தியா இருந்தா ஒரு வார்த்தை சொல்லி அனுப்பு, வந்து சரிபண்ணிக் கொடுத்துட்டுத் திரும்பிடறேன். இப்பல்லாம் பல்லாவரத்துலேர்ந்து வண்டலூர் வரைக்கும் மைக்செட்டுன்னா உன் அண்ணன் சாமுவேல்தான். போன மாசம் கேளம்பாக்கத்துல ஒரு கல்யாணத்துக்குப் பாக்ஸ் வெச்சேன், மகாபலிபுரத்துல கல்லு அதிர்ந்துச்சாம். நான் சொல்லலை, ஜனங்க சொல்றாங்க.

கல்லறைக்கு வந்து சொல்லாம சர்ச் பத்திரிகையில ஏன் எழுதறேன்னு கேட்ப. அங்க வந்து சொன்னா உனக்கும் உன் பக்கத்துல படுத்திருக்கறவங்களுக்கும்தான் கேட்கும். இது ஊருக்கே கேட்க வேண்டிய சேதி. எட்டாம் கிளாஸோட நிறுத்தினவன் எழுத்து இது. டீச்சர் புத்தியில சிவப்புப் பேனாவைத் தேடாதே. பிழையெல்லாம் பத்திரிகைக்காரங்க பார்த்துக்குவாங்க.

சேதி உன் பொண்ணு பெனிட்டாவைப் பத்தி. நீ போனப்ப ஏழாவது படிச்ச பெனி, இப்ப அவ அப்பாவை விட ஒரு சாண் உயரம். முகம் அவங்க பக்கம். குரல் மட்டும் அச்சு அசல் உன் குரல், அதே கனம். போனை எடுத்து ஹலோன்னா, "தம்பி, வீட்ல பெரியவங்க யாராச்சும் இருக்காங்களாப்பா?"ன்னு கேட்கிறாங்க. பாட்டுக் குழுவுல உன்னை ஆம்பளைங்க வரிசையோரமா கொண்டுபோய் நிறுத்தினாங்களே, நினைவிருக்கா? பின்னாடி நின்னு சில பேர் சிரிச்சாங்க. நீயும் சிரிச்சுக்கிட்டேதான் நின்னே. வீட்டுக்குப் போய் என்ன பண்ணேன்னு உன் வீட்டுக்காரர் தேவராஜ் மாப்பிள்ளைக்குத்தான் தெரியும். அவர் அதை மறக்கவே இல்லை.

போன வருஷம் அவ பிளஸ் டூ. மத்த புள்ளைங்களுக்கு கேபிள் டிவி, வாடகை சிடி, பிரவுசிங் சென்டர்னு ஆயிரம் பொழுதுபோக்கு. பெனிக்கு ஒண்ணே ஒண்ணு, நாடகம். மாசம் ஒரு தடவை குரோம்பேட்டையில எலெக்ட்ரிக் ட்ரெயின் ஏறி, மாம்பலத்துல இறங்கி, ஏதாவது ஒரு சபாவுல நாடகம் பார்த்தாகணும். கூட்டிட்டுப் போறது இந்த மாமன்தான். அவளுக்கு மேடை மேல கண்ணு, எனக்கு ஸ்பீக்கர் மேல கண்ணு. மாமா பாதியில தூங்கிடுவார்னு அவ சொல்லுவா, நம்பாதே. கண்ணை மூடிக்கிட்டு சவுண்டை ஆராய்ச்சி பண்ணுவேன்.

திரும்பி வர்றப்ப பார்த்த நாடகம் முழுசையும் ட்ரெயின்லயே எனக்கு நடிச்சுக் காட்டுவா. ராஜாவும் அவளே, வேலைக்காரியும் அவளே, கதவு சாத்துற சத்தமும் அவளே. ஒரு தடவை சுண்டல் விக்கிறவன் வாயைப் பொளந்துக்கிட்டு நின்னு, இறங்க வேண்டிய ஸ்டேஷனை விட்டுட்டுத் குரோம்பேட்டை வரைக்கும் வந்துட்டான். செங்கல்பட்டு வரைக்கும் போனான்னுகூடச் சொல்லலாம், தப்பில்லை.

மிச்ச நாளெல்லாம் பொழிச்சலூர் வீட்டு மொட்டை மாடிதான் அவளுக்கு மேடை. காயப்போட்ட துணி திரைச்சீலை. தெருவில போறவங்க வர்றவங்க அத்தனை பேர் குரலையும் பிடிச்சு வெச்சிருப்பா. கோவளம் பக்கத்துலேர்ந்து கூடை தூக்கிட்டு வருவாங்களே மீன்கார அம்மா, ஒரு நாள் அவங்க குரல்ல மாடியிலிருந்து, "வஞ்சரம், சங்கரா, நெத்திலேய்..."ன்னு கூவினா பாரு! நாலு வீட்டுப் பொம்பளைங்க பாத்திரத்தோட வாசலுக்கு வந்துட்டாங்க. தெருவில கூடையும் இல்லை, மீனும் இல்லை. அந்த நேரம் பார்த்து நிஜ மீன்கார அம்மா முனையில திரும்பறாங்க.

"இன்னாமே, யாரு அது என் தொண்டைய களவாண்டது?"

பெனி மாடிச் சுவருக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டா.

"எறங்கு கண்ணு, பயப்படாத. நல்லாத்தான் கூவுற. நாளையிலேர்ந்து நீ கூவு, நான் கூடைய வெச்சிகினு குந்திக்கிறேன்."

தெருவே சிரிச்சுது. நான்தான் உரக்கச் சிரிச்சேன். மாப்பிள்ளை சிரிக்கலை. என்னை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"மச்சான், உங்களுக்கு எல்லாம் வேடிக்கை. தெருவே சிரிச்சுதே, பார்த்தீங்களா?"

"நல்லா இருக்குன்னு சிரிச்சாங்க மாப்ளே."

"எஸ்தரைப் பார்த்தும் இப்படித்தான் சிரிச்சாங்க."

எஸ்தரு, நான் எழுந்து ஜன்னலையும் சாத்தினேன். ஒரு சத்தத்தை நானே குறைச்சது என் சரித்திரத்துலயே அதுதான் முதல் தடவை.

அவரே முடிச்சார். "பிளஸ் டூவோட இந்த மேடையெல்லாம் முடிஞ்சுது. இன்ஜினியரிங் படிக்கட்டும். கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்து பார்க்கிற வேலை. அங்க யாரும் அவ குரலைக் கேட்டுச் சிரிக்கப் போறதில்லை." அந்த மனுஷனுக்கு நாடகத்து மேல கோபமில்லை. உனக்கு நடந்தது உன் பொண்ணுக்கும் நடந்துடக் கூடாதுன்னு பயம். பெனி கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு எல்லாத்தையும் கேட்டுட்டா. அன்னிக்கிலேர்ந்து மாடிக்குப் போறதை நிறுத்திட்டா. வீட்டுல பேசறதைக்கூடக் குறைச்சுட்டா. பேசாத பெனியை நீ பார்த்ததில்லை. பார்க்காம இருந்ததே நல்லது.

அப்புறம் டிசம்பர் வந்தது. நம்ம சர்ச் கிறிஸ்துமஸ் நாடகம் உனக்குத் தெரியும், படிக்கிறவங்களுக்காகச் சொல்றேன். மேடையில யாரும் வாய் திறந்து பேச மாட்டாங்க. முன்னாடியே ஒரு ஸ்டூடியோவில வசனம், மியூசிக், ஆடு கத்துறது எல்லாத்தையும் பதிவு பண்ணி சிடியாக்கிடுவாங்க. அன்னிக்கு நான் சிடியைப் போடுவேன், மேடையில இருக்கறவங்க வாயசைப்பாங்க. யாருக்கும் வசனம் மறக்காது பாரு, அந்த வசதி.

நாடகம் எழுதி நடத்துறவர், பேங்குல வேலை பார்க்கிற கிறிஸ்டோபர் சார். குழந்தையைக் கொல்லத் தேடுற கொடுங்கோல் ராஜா வேஷத்துக்கு உயரமான ஆள் தேவைப்பட்டுது. பையன்களெல்லாம் ஒத்திகைன்னு சொன்னா கிரிக்கெட் மட்டையோட காணாமப் போயிடறானுங்க. அவர் பெனியைத் தேடி வீட்டுக்கே வந்துட்டார். "பெனி, நீ ராஜாவா வந்து நின்னாப் போதும்மா. குரல் நான் கொடுத்துக்கறேன்."

மாப்பிள்ளை யோசிச்சார். "குரல் அவளது இல்லையே? அப்ப சரி. இதுதான் கடைசி."

கிறிஸ்டோபர் சார் போனதும் பெனி என்னைக் கேட்டா: "மாமா, வாய் மட்டும் அசைச்சாப் போதும்னா ஒரு பொம்மையை நிறுத்தலாமே?"

"பொம்மைக்குத் தாடி ஒட்டினா நிக்காதும்மா"ன்னேன். அவ சிரிக்கலை. ஆனா அன்னிக்கு சாயங்காலம் மறுபடியும் மாடி ஏறினா. வாயசைக்கிறதுக்கு வசனத்தை எதுக்கு அவ்வளவு சத்தமாப் படிக்கணும்னு அப்ப எனக்குத் தோணலை.

நாடகத்தன்னிக்கு சர்ச் மைதானத்துல கூட்டம் பத்தாயிரம். நாற்காலி போட்டது நான்தான், ஐநூறு போட்டேன். மிச்சப் பேர் மதில் மேல, மரத்து மேல. கல்யாண மண்டபத்துக்குக் கட்டற என் மெரூன் வெல்வெட்டுத் துணிதான் பெனிக்கு அங்கி. தெர்மாகோல் கிரீடம், கம்பளி நூல் தாடி. சொந்த மாமன் நானே எழுந்து நின்னுட்டேன். மாப்பிள்ளை கடைசி வரிசையில, கேட்டுப் பக்கம் உட்கார்ந்திருந்தார்.

ஒத்திகை பார்த்தது சர்ச்சுக்குப் பின்னாடி இருக்கிற சின்ன ஹாலில. சிடியும் அந்த அளவுக்குப் பதிஞ்சது. மேடையோ அதைப் போல மூணு பங்கு. நட்சத்திரத்தைப் பார்த்துக் குழந்தையைத் தேடி வர்ற ஞானிகள் மூணு பேரும் நடக்கிறாங்க, நடக்கிறாங்க, நடந்துக்கிட்டே இருக்காங்க. அதுல ஒருத்தர் அங்கி சீரியல் லைட்டு ஒயர்ல மாட்டிக்கிச்சு. அந்த ஒயரை அங்க யார் விட்டதுன்னு இப்ப எதுக்கு? சிடி நிக்குமா? அது பாட்டுக்கு ஒரு காட்சி முன்னாடி ஓடுது.

இடையன் வேஷம் போட்ட பொடியன் ஆட்டுக்குட்டியைத் தடவிக்கிட்டு வாயைத் திறந்தான். "பிடியுங்கள் அவர்களை! தலையை வெட்டுங்கள்!"னு கிறிஸ்டோபர் சார் குரல் கர்ஜிச்சுது. ஆட்டைக் கீழ போட்டுட்டான். கூட்டம் சிரிக்க ஆரம்பிச்சுது. அடுத்து ராஜா வந்தார். கையை உயர்த்தி, நெஞ்சை நிமிர்த்தி, வாயைத் திறந்தார். பாக்ஸ்லேர்ந்து, "ம்மே..."

மதில் மேல இருந்தவன் கீழயே விழுந்துட்டான். மைதானம் முழுக்க விசிலும் சிரிப்பும். நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். எழுந்துட்டார். தலையைக் குனிஞ்சுக்கிட்டு கேட்டை நோக்கி நடக்கிறார். அவர் பயந்தது அவர் கண்ணு முன்னாடியே நடக்குது. இனிமே இந்தப் பொண்ணு எந்த மேடையை ஏறும்? சிடியை நிறுத்தறதா, ஓட விடறதான்னு பட்டன் மேலயே விரலை வெச்சுக்கிட்டிருக்கேன் தங்கச்சி.

பெனி என்னைப் பார்த்துத் திரும்பினா. "நிறுத்து!"

ராஜா உத்தரவு. சிடியை நிறுத்திட்டேன். மேடையில மைக்கே கிடையாது. போதகர் ஜெபம் பண்றதுக்குன்னு கீழே ஒண்ணு இருந்துச்சு, அதைத் தூக்கிட்டு ஓடினேன். வேணாம்னு கண்ணாலேயே சொல்லிட்டு, கூட்டத்தைப் பார்த்து நின்னா. தாடிக்குள்ளேர்ந்து வந்துச்சு பாரு குரல்.

"என் வாயிலிருந்து ஆடு கத்துகிறது. என் கட்டளை ஓர் இடையனின் வாயிலிருந்து வருகிறது. என் ராஜ்ஜியத்தில் என்ன நடக்கிறது? எவன் பிறந்துவிட்டான் இங்கே, என் குரலையே என்னிடமிருந்து பறிக்க?"

சிரிச்சவன் வாய் அப்படியே நின்னுபோச்சு. தப்பா நடந்ததையெல்லாம் ஒரே மூச்சுல கதைக்குள்ள இழுத்துப் போட்டுக்கிட்டா! இதை அவளுக்கு யார் எழுதிக் கொடுத்தது? யாருமில்லை. கிறிஸ்டோபர் சார் ஓரத்துல நின்னு, "இது என் வசனம் இல்லையே"ன்னு முணுமுணுத்தார். இப்பக் கேட்டா நான்தான் எழுதினேங்கிறார், அது வேற விஷயம்.

அந்த நேரம் பார்த்து ஒரு ப்ளேன். ஏர்போர்ட் பக்கத்துல இருக்கிற பொழிச்சலூர்ல ப்ளேன் வந்தா பிரசங்கமே நின்னுடும், உனக்குத் தெரியாததா? தாழ்வா, இருட்டுல லைட்டு மின்ன, நம்ம சர்ச் சிலுவையை உரசிக்கிட்டு வருது. வேற யாரா இருந்தாலும் அதோட மல்லுக்கட்டிக் கத்தியிருப்பாங்க. பெனி பேச்சை நிறுத்திட்டு அண்ணாந்து பார்த்தா. அது போற பக்கமே கிரீடத்தோட மெதுவா, மெதுவாத் திரும்பினா. பத்தாயிரம் தலையும் கூடத் திரும்புது. சத்தம் தேய்ஞ்சு அடங்கினதும் சொன்னா:

"அந்த நட்சத்திரம்... நகர்கிறது. யார் வீட்டைத் தேடி?"

கைத்தட்டல் மீனம்பாக்கத்துல கேட்டிருக்கும். அந்த பைலட் கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டுக் குனிஞ்சு பார்த்தான்னு நான் எல்லாருக்கும் சொல்லிட்டிருக்கேன். அதுக்கப்புறம் இடையன் பொடியன்கூடச் சொந்தக் குரல்லயே பேச ஆரம்பிச்சான். ஞானிகள் பேசினாங்க. கடைசி வரைக்கும் நான் சிடியைத் தொடவே இல்லை. என் தொழில்ல நான் ஒண்ணுமே செய்யாம ஜெயிச்ச ஒரே நிகழ்ச்சி.

மாப்பிள்ளை? கேட்டுல கை வெச்சவர், குரல் வந்ததும் அப்படியே நின்னுட்டார். ரொம்ப நேரம் திரும்பவே இல்லை, முதுகைக் காட்டிக்கிட்டே கேட்டார். அவர் காதுல விழுந்தது யார் குரல்? நான் சொல்லணுமா? அப்புறம் திரும்பி, நாற்காலிகளுக்கு நடுவுல ஒவ்வொரு வரிசையா முன்னாடி வந்தார். ப்ளேன் வந்தப்ப அவரும் அண்ணாந்து பார்த்துக்கிட்டு நின்னார்.

முடிஞ்சதும் மேடைக்குப் பின்னாடி வந்தார். பெனி தாடியைப் பாதி பிச்சுட்டு, பாதியோட பயந்துபோய் நிக்கிறா.

"தொண்டை எரியுதா?"

"இல்லப்பா."

"யாரும் சிரிக்கலை."

"முதல்ல சிரிச்சாங்கப்பா."

"அது உன்னைப் பார்த்து இல்லை. உங்க மாமன் சிடியைப் பார்த்து."

என் மானத்தை இப்படிக் கப்பலேத்தினவர் ஊர்ல வேற யாருமில்லை. அன்னிக்கு அதை நான் மாலையாப் போட்டுக்கிட்டேன்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் பெனி நேரா அவர்கிட்டயே போய், தாம்பரத்துக் காலேஜுல இலக்கியம் படிக்கணும், அங்க மரத்தடி மேடையில நாடகம் போடறாங்கன்னு சொல்லிட்டா. மாப்பிள்ளை என்னைத் தனியாக் கூப்பிட்டு, "வேலை கிடைக்குமா மச்சான்?"னார். "கவர்னரே கூப்பிட்டுக் கொடுப்பார்"னேன். நம்பலை. ஆனா சேர்த்துட்டார். முதல் மாசமே நாடகத்துக்கு ஆள் எடுத்தாங்க. இவ ரெண்டு வரி பேசினதும், மிச்சப் பேர் வீட்டுக்குப் போகலாம்னுட்டாங்களாம். சரி, இவளையும் சேர்த்துக்கிட்டாங்க.

இப்ப தினம் சாயங்காலம் உன் வீட்டுல என்ன நடக்குது தெரியுமா? மாப்பிள்ளை ஆபீஸ் சட்டையைக்கூடக் கழட்டாம, மத்த பாத்திரங்களோட வசனத்தை அவளுக்காகப் படிக்கிறார். காதலிக்கிற கட்டத்தைக்கூட ரயில் ப்ளாட்பார அறிவிப்பு மாதிரி படிக்கிறார். "அப்பா, கொஞ்சம் பாவமா"ங்கிறா. "இதுக்கு மேல பாவமா எனக்கு வராதும்மா"ங்கிறார். ரெண்டு பேரும் சிரிக்கிற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்குது.

வர்ற சனிக்கிழமை காலேஜுல அவளோட முதல் நாடகம். நேத்து மாப்பிள்ளை என் கடைக்கு வந்து, ஒயரை எடுத்துப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கிட்டே மெதுவாக் கேட்டார்: "மச்சான், எங்க உட்கார்ந்தா அவளுக்கு என் முகம் தெரியாது?"

"ஏன் மாப்ளே?"

"அவ பேச ஆரம்பிச்சா எனக்கு அழுகை வந்துடும்."

"இடத்தை நான் பார்த்துக்கறேன்"னு மட்டும் அவர்கிட்ட சொன்னேன். உனக்குச் சொல்றேன். சத்தியம் பண்ணினா போதகர் திட்டுவார், அதனால இது வெறும் வாக்கு. அவரை முதல் வரிசையில, நட்ட நடு நாற்காலியில உட்கார வைப்பேன். எழுந்து ஓடப் பார்த்தா சட்டையைப் பிடிச்சு இழுப்பேன். அவர் அழுவார், அவளும் பார்ப்பா. நல்லாப் பார்க்கட்டும்.

உன் பொண்ணுக்குத் தாய்மாமன் என்கிற ஒரே பட்டத்தோடு ஊரெல்லாம் நெஞ்சை நிமிர்த்தித் திரியும்,
உன் அண்ணன்
சாமுவேல்