அடுப்புப் புகையும் உன் தலைவலியும்

இன்று காலை சமையலறை ஜன்னல் கட்டையில் விரலை வைத்தேன். கறுப்பாக ஒட்டியது. ஆடிக் காற்று தொடங்கிவிட்டது. நீ இருந்திருந்தால், "பாத்தியா, வந்துட்டான் உன் வில்லன்" என்று சிரித்திருப்பாய்.

மந்தாரக்குப்பத்தில் நாம் இருவரும் சேர்ந்து மெஸ் தொடங்கிய நாளிலிருந்தே எனக்குக் கரித்தூள் என்றால் பயம். நிலக்கரி மைன்ஸ் பக்கமிருந்து காற்று அடித்தால் ஊரே செய்வதைத்தான் நானும் செய்தேன். ஜன்னல், கதவு, சந்து பொந்து எல்லாவற்றையும் அடைத்தேன். ஷிஃப்ட் முடிந்து பசியோடு வரும் கான்ட்ராக்ட் ஆட்கள் சோற்றில் கறுப்பைக் கண்டால் மறுநாள் வருவார்களா? வெக்கை தாங்காமல் எக்சாஸ்ட் ஃபேனை மட்டும் ஓடவிட்டோம்.

பிறகு ஒரு வருஷம் கேஸை விட்டுவிட்டு பெல்லட் அடுப்பு வாங்கினோம். மரத்தூளை அழுத்திச் செய்த குச்சித் துண்டுகளைப் போட்டு எரிக்கிற அடுப்பு. பங்குனியில் வந்தது, சமர்த்தாக எரிந்தது. ஆடி பிறந்ததும் புகை குழாய் வழியாக வெளியே போகாமல் நம் முகத்துக்கே திரும்பியது. காலை பத்து மணிக்கெல்லாம் இருவருக்கும் தலை விண்விண்ணென்று தெறித்தது.

பெல்லட் நமுத்துவிட்டதோ என்று வெயிலில் காயவைத்தோம். சாம்பலைச் சுரண்டினோம். அடுப்பு விற்றவர், "குழாயைச் சுத்தம் பண்ணுங்க" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பினார். கழற்றித் தட்டினோம், ஒரு படி கரி விழுந்தது. மறுநாளும் அதே புகை. மூடின அறைக்குள் புகையில் மயங்கிச் செத்தவர்களைப் பற்றி யாரோ சொல்லக் கேட்டதிலிருந்து எனக்கு அடுப்பைப் பற்றவைக்கவே பயம். "மெஸ்ஸையே மூடிடலாம்டி" என்றேன்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். சும்மா பொலம்பிகினு இருக்காத" என்றாய்.

சொல்லிவிட்டு சாமி படத்திலிருந்து ஊதுபத்தியை எடுத்து வந்து அடுப்பின் வாயருகே பிடித்தாய். புகை நம் பக்கம் வந்தது. காலாலேயே பின்கதவைத் தள்ளித் திறந்தாய். புகை வளைந்து அடுப்புக்குள் போனது. கதவைச் சாத்தினாய். மறுபடி நம் பக்கம்.

"அடிப்பாவி! கரி வரக்கூடாதுன்னு காத்தையே வர வுடாம பண்ணிட்டியே. இருக்கிற காத்தையும் ஃபேனு வெளிய தள்ளுது. வேற வழியில்லாம கொழாய் வழியா உள்ள இழுக்குது, பொகையும் கூடவே வருது."

ஜன்னலைத் திறக்க நான் எளிதில் சம்மதிக்கவில்லை. அரை நாள் சண்டை. கடைசியில் காற்று நேராக அடிக்காத கிழக்கு ஜன்னலைத் திறந்து கொசுவலை கட்டினோம், பாத்திரங்களுக்கெல்லாம் மூடி போட்டோம். புகை நின்றது. மூன்றாம் நாள் என் தலைவலியும் போய்விட்டது.

"உனக்கு?" என்று கேட்டேன்.

"எனக்கும் போயிடுச்சு. நீ போயி சாம்பாரப் பாரு."

நம்பினேன். அதன் பிறகும் நீ தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் வேலை செய்தாய். வியர்வைக்கு என்று நினைத்தேன். கார்த்திகையில் அரிசி களைந்துகொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாய். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, தலைக்குள் கட்டி, வளர்ந்து பல மாதம் இருக்கும் என்றார்கள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலருகே, "ஏண்டி சொல்லல?" என்று அழுதேன்.

"சொன்னா அடுப்புதான் காரணம்னு மெஸ்ஸ மூடிட்டு வூட்ல குந்திக்குவ. உனக்குத்தான் எல்லாத்துக்கும் பயமாச்சே."

தை பிறப்பதற்குள் போய்விட்டாய். உன்மேல் எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. என்மேல் அதைவிட அதிகம். அடுப்பு சரியானதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிட்டேனே.

இப்போதும் தினமும் அடுப்பு பற்றவைத்ததும் ஊதுபத்தியை அதன் வாயருகே பிடித்துப் பார்க்கிறேன். புகை ஒழுங்காக உள்ளே போகிறது. பிறகு என்னோடு சமைக்கிறவளிடம், "தலவலி எதுனா இருக்கா?" என்று கேட்கிறேன்.

"இல்லக்கா."

அவள் உலை வைத்து முடிக்கும்வரை காத்திருந்து மறுபடியும் கேட்கிறேன். "எத்தினி தடவக்கா கேப்பீங்க?" என்று அலுத்துக்கொள்கிறாள். அலுத்துக்கொள்ளட்டும். உன்னை நான் ஒரே ஒரு தடவைதான் கேட்டேன்.