அட்டைகளைத் திருப்பி அனுப்பு

அவனியாபுரம்,
8-8-82

அன்பு மகள் பாண்டியம்மாளுக்கு அப்பா காசிமாயன் எழுதிக்கொண்டது. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் பிலாயில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க அழகர் துணை இருக்கட்டும். இங்கு ஆடி முடியப் போகிறது, காற்றுதான் அடிக்கிறது, மழையைக் காணோம். உன் தம்பி காளை பரீட்சையில் ஒரு பேப்பர் தவிர எல்லாவற்றிலும் தேறிவிட்டான், அந்த ஒரு பேப்பருக்காக வீட்டில் யாரோடும் முகம் கொடுத்துப் பேசாமல் திரிகிறான். அங்கே அடைமழை என்று எழுதியிருந்தாய், பேரனுக்குத் தண்ணீரைக் காய்ச்சி ஆற்றிக் கொடு, மாப்பிள்ளை நைட் ஷிப்ட் முடிந்து வந்து படுத்தால் கடைக்குப் போகச் சொல்லி எழுப்பாதே. நீ அனுப்பிய பார்சல் வந்து சேர்ந்தது. ஓடுகிற பஸ்ஸில் நின்றபடி எழுத வசதியாக இருக்கும் என்று பையில் அடங்குகிற நோட்டும் சட்டையில் மாட்டுகிற பேனாவும் அனுப்பியிருக்கிறாய். நல்ல சாமான்தான். பேனாவைக் காளை எடுத்துக்கொண்டான். நோட்டு பிரிக்காமல் கிடக்கிறது.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒச்சாயி விஷயத்தை நான் கார்டில் எழுதியதற்கு நீ எழுதிய பதில், கதையில் அவள் பேரை மாற்றித்தானே அப்பா எழுதினேன், இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்பது. அதற்கு அடுத்த வரியிலேயே, பத்திரிகையில் தொடராக எழுதச் சொல்லியிருக்கிறார்கள், பஸ் அட்டைகளை இன்னும் நிறைய அனுப்புங்கள் என்று கேட்டிருக்கிறாய். இரண்டு வரிக்கும் நடுவில் ஒரு மூச்சாவது விட்டிருக்கலாம். கார்டில் இடம் இல்லாமல் சுருக்கி எழுதியதால் உனக்குப் புரியவில்லையோ என்றுதான் இப்போது கவர் வாங்கி உட்கார்ந்திருக்கிறேன். முழுதாக எழுதுகிறேன், முழுதாகப் படி.

கல்யாணமாகிப் போன புதிதில் நீ எழுதிய கடிதம் எனக்கு மறக்கவில்லை. இங்கே ஒரு வார்த்தை தமிழ் காதில் விழவில்லை அப்பா, காது செத்துப்போச்சு, நீங்கள் பஸ்ஸில் கேட்கிற பேச்சையாவது எழுதி அனுப்புங்கள் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு நான் டெப்போவில் ஓரமாகப் போய் நின்று அழுதேன், இப்போது சொன்னால்தான் உண்டு. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து எழுதலாம் என்றால் வாரமெல்லாம் கேட்டது ஒன்றும் நினைவுக்கு வராது. அதனால்தான் ஓடுகிற பஸ்ஸிலேயே குறிக்க ஆரம்பித்தேன். டிக்கெட் கட்டு தீர்ந்தால் அடியில் மிஞ்சுகிற அட்டை, யாராவது எறிந்த சிகரெட் பெட்டி, எது கிடைத்தாலும் கம்பியை முழங்கையால் வளைத்துப் பிடித்துக்கொண்டு காதில் செருகிய பென்சிலால் ரெண்டு வரி. பள்ளத்தில் வண்டி விழுந்தால் எழுத்தும் விழும். ஞாயிற்றுக்கிழமை அதையெல்லாம் பரப்பி வைத்து உனக்கு நல்ல எழுத்தில் எழுதுவேன். அப்படி எழுதும்போது ஒன்றைச் சேர்ப்பேன், ஒன்றை விடுவேன். யார் வீட்டுக் கண்ணீரோ என் கையால் போக வேண்டாம் என்று எத்தனையோ அட்டையை உன் அம்மாவிடம் அடுப்பில் போடச் சொல்லியிருக்கிறேன். அப்புறம்தான் நீ எழுதினாய், எதற்கு அப்பா காப்பி எடுத்துக் கஷ்டப்படுகிறீர்கள், அட்டையை அப்படியே கவரில் போடுங்கள், குலுங்கின எழுத்தில்தான் ருசி இருக்கிறது என்று. மகள் ருசிக்கிறாளே என்று நானும் அப்படியே போட்டேன். அதிலே போனதுதான் ஒச்சாயி பேச்சும்.

ஒச்சாயியை நீ பார்த்ததில்லை. உசிலம்பட்டிப் பக்கம் பிறந்து திருவாதவூரில் வாழ்க்கைப்பட்டவள், காலையில் முதல் வண்டியில் கத்தரிக்காய்க் கூடையோடு ஏறி மதுரை மார்க்கெட்டுக்கு வருகிறவள். நம்ம பக்கத்து ஆள் என்று தெரிந்த நாளிலிருந்து என்னை வாய் நிறைய அண்ணே என்பாள். ஒரு நாள் கூட்டம் இல்லை, படிக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் மகள் செல்லத்தாய் புருசன் வீட்டிலிருந்து வந்துவிட்டதைச் சொன்னாள். "அண்ணே, எம்மகளுக்கு அந்த வீட்டுல வயித்துக்குச் சோறு போடலண்ணே, மாட்டுக்கு வச்ச கழனித்தண்ணிக்குள்ள கைய விட்டு அடியில கெடந்த பருக்கைய அள்ளித் தின்னுருக்கா, யார்கிட்டயும் சொல்லிராதீக" என்றாள். நான் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த ஸ்டாப்பில் அட்டையில் எழுதினேன். என் மகளுக்குத்தானே, அவள் யார் மூன்றாவது ஆளா என்று நினைத்தேன்.

பத்திரிகையில் உன் கதை வந்த அன்றைக்கு நான் செய்த கூத்தையும் எழுதிவிடுகிறேன். பஸ் ஸ்டாண்டுப் பெட்டிக்கடையில் தொங்கின புத்தகத்தையெல்லாம் வாங்கினேன், என் மகள், என் மகள் என்று டிரைவருக்கு ஒன்று, டைம்கீப்பருக்கு ஒன்று கொடுத்தேன். படிக்காமலே கொடுத்தேன். அப்புறம் அடுத்த டிரிப்புக்கு முன்னால் பின்சீட்டில் உட்கார்ந்து பிரித்தால் என் அட்டை அச்சில் இருக்கிறது. ஒச்சாயி என்பதைப் பேச்சி ஆக்கியிருக்கிறாய். அவ்வளவுதான் மாற்றினது. திருவாதவூர் அப்படியே இருக்கிறது, முதல் வண்டி இருக்கிறது, கத்தரிக்காய்க் கூடை இருக்கிறது, அவளுடைய அறுந்த காது இருக்கிறது. பஸ்ஸில் போகும்போது நானே என் காதால் கேட்டது என்று ஆரம்பத்திலேயே எழுதியிருக்கிறாய். அதையாவது போகட்டும் என்று விட்டுவிடுவேன்.

திருவாதவூர் டீக்கடையில் மொக்கைச்சாமி என்று ஒருவர், நம்ம ஊர் பேர் புத்தகத்தில் வந்திருக்கு என்று பெருமையாகச் சத்தம் போட்டுப் படித்திருக்கிறார். பாதி படிக்கும் முன்னே கேட்டவர்களுக்கு யார் என்று தெரிந்துவிட்டது. மறுநாளே சம்பந்தி வீட்டுக்கும் போய்விட்டது. இத்தனைக்கும் பெரிய மனுசர்கள் உட்கார்ந்து பேசி, ஆடி கழிந்ததும் ஆவணி முதல் முகூர்த்தத்தில் செல்லத்தாயைக் கூட்டிப்போய்த் தனியாகக் குடிவைப்பதாக முடிவாகியிருந்தது, புருசனும் சரி என்றிருந்தான். இப்போது அவர்கள், மருமகளைப் பட்டினி போட்ட வீடு என்று எங்களை ஊர் ஊராக அச்சடித்து விட்டாயே, இனி அவள் எங்கள் வாசலை மிதிக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். புருசனும் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பெண் இப்போது குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனால், பிள்ளைகள் கழனித்தண்ணி, கழனித்தண்ணி என்று கூப்பிடுகிறதாம். அவள் வெளியே வருவதையே விட்டுவிட்டாள்.

நீ என்ன எழுதுவாய் என்று எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட வீட்டுக்கு அவள் போகாமல் இருப்பதே நல்லது அப்பா என்று எழுதுவாய். படித்த பிள்ளை, நியாயமாகத்தான் எழுதுவாய். ஆனால் போகலாமா வேண்டாமா என்பது செல்லத்தாய் சொல்ல வேண்டியது, ஒச்சாயி சொல்ல வேண்டியது. பிலாயில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து நீ சொல்ல வேண்டியது இல்லை. கதையைப் படித்தவர்கள் அழுது அழுது பாராட்டிக் கடிதம் போட்டார்கள் என்று எழுதியிருந்தாயே, அழுதவர்களில் ஒருத்தராவது அந்தப் பெண்ணுக்கு ஒரு வேளைச் சோறு போட்டார்களா? உனக்குப் பேர் கிடைத்தது. இருந்த ஒரு வழியும் அவளுக்கு அடைத்துப்போனது. இதற்கு மேல் நஷ்டம் என்றால் என்ன என்று உனக்கு எப்படி விளக்குவேன்.

நஷ்டம் எனக்கும் உண்டு. முன்னே என் வண்டியில் ஏறினால் சந்தைக்கடை மாதிரி இரைச்சலாக இருக்கும். இப்போது டிக்கெட் நம்பர் குறிக்கப் பென்சிலை எடுத்தால் கூடப் பேச்சு நின்றுவிடுகிறது. போன வாரம் ஒருத்தி பக்கத்துக்காரியின் தொடையில் இடித்து, "ஏடி, கண்டக்டரு பென்சில எடுத்துட்டாரு, வாய மூடு" என்றாள். முன்சீட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். இத்தனை வருச சர்வீஸில் டிக்கெட் எடுக்காதவன் என்னைத் திட்டியிருக்கிறான், குடித்துவிட்டு ஏறினவன் சட்டையைப் பிடித்திருக்கிறான், அப்போதெல்லாம் தலை குனியவில்லை. அன்றைக்குக் குனிந்தேன். ஒச்சாயி என் வண்டியில் ஏறுவதில்லை. கூடையை இறக்கி வைத்துக்கொண்டு, வண்டி வந்து நின்றால் வேறு பக்கம் பார்க்கிறாள். அடுத்த வண்டிக்கு நின்று அவள் மார்க்கெட்டுக்குப் போய்ச் சேரும்போது வியாபாரிகள் பாதிப்பேர் காய் எடுத்து முடித்திருப்பார்கள், கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டு வர வேண்டும். இது தெரிந்தும் தினமும் விசில் ஊதி வண்டியை எடுக்கச் சொல்கிறவன் நான்தான்.

முந்தாநாள் அந்த இரண்டாவது வண்டி வழியில் நின்றுவிட்டது. என் அடுத்த டிரிப்பில் வேறு வழியில்லாமல் ஏறினாள். என்ன சொல்வது என்று ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்தவன், அவள் பக்கத்தில் போனதும், தங்கச்சி, எம்மகள் தெரியாமச் செஞ்சுட்டா என்று மட்டும் சொன்னேன். அவள் சில்லறையை நீட்டி, "டிக்கெட்டக் குடுங்கண்ணே" என்றாள். திட்டியிருந்தால் தேவலை. அந்த அண்ணேயை அவள் விடவில்லை பார், அதை என்னால் தாங்க முடியவில்லை.

ஆகவே நான் சொல்வதைச் செய். உன்னிடம் இருக்கிற அட்டைகள் எல்லாவற்றையும், ஒன்று விடாமல், ரிஜிஸ்தர் தபாலில் எனக்குத் திருப்பி அனுப்பு. அதில் இன்னும் எத்தனை வீட்டுச் சமாச்சாரம் கிடக்கிறதோ, எனக்கே நினைவில்லை. காப்பி எடுத்து வைத்துக்கொள்ளாதே. தொடருக்கு வேண்டுமானால் உன் மாமியார் வீட்டைப் பற்றி எழுது, உன்னைப் பற்றி எழுது, பேரை மாற்றித்தானே எழுதப் போகிறாய், யாருக்கு என்ன நஷ்டம். கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. கோபமாக இருந்தால் இந்நேரம் ஆறியிருக்கும்.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். பேரன் நீண்ட ஆயுளோடும் நல்ல புத்தியோடும் வளர வேண்டும், நீயும் தீர்க்க சுமங்கலியாக இருக்க வேண்டும், இப்படி வாழ்த்துவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, நீ என் மகள்தான்.

கடைசியாக ஒன்று. செவ்வாய்க்கிழமை உன் அம்மாவை டாக்டரிடம் கூட்டிப் போனேன். பார்த்துவிட்டு டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு விஷயம் சொன்னார். உனக்கு எழுதலாம் என்று பேப்பரை எடுத்தேன், உன் அம்மா வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டாள். "அவளுக்கு எழுதாதீக, எழுதுனா எம்பொழப்பும் பெட்டிக்கடையில தொங்கும், நேர்ல வந்தா நானே சொல்லிக்கிறேன்" என்கிறாள். நானும் எழுதவில்லை. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காவிட்டாலும் நீ மட்டுமாவது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சீக்கிரம் புறப்பட்டு வா.

இப்படிக்கு,
உன் அப்பா
காசிமாயன்